ஆண்டின் சிறந்த வாசகர்

இருநூற்றுப் பதினோரு வேலை நாட்களில் ஒரு நாள்கூடத் தவறாமல் உமர் ஃபாரூக் எங்கள் கிளை நூலகத்துக்கு வந்திருக்கிறார். வருகைப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது.

உமர் ஃபாரூக் என் தகப்பனார்; அத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஒருமுறைகூட அந்த நூலகத்துக்குள் நுழைந்ததில்லை. தி. நகரில் ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். பதிவேட்டில் அவர் பெயரை எழுதிவந்தது நான். இருநூற்றுப் பதினோரு நாட்களில் கடைசி ஐம்பத்திரண்டு நாட்கள் அவர் உயிரோடு இல்லை. அதை நூலகத்தில் யாருக்கும் நான் சொல்லவில்லை.

இது தொடங்கியது பிப்ரவரிக் கடைசியில். ஒரு சுற்றறிக்கை வந்தது. வாடகைக் கட்டடத்தில் நடக்கும் கிளைகளில் தினமும் சராசரியாக அறுபது வாசகர்களாவது வர வேண்டும். வராத கிளைகளை ஆண்டு முடிவில் பக்கத்திலுள்ள பெரிய கிளையோடு சேர்த்துவிடுவார்கள். எங்கள் நூலகம் மேற்கு மாம்பலத்தில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில், ஒரு வீட்டின் கீழ்த்தளம். இரண்டு அறைகள், நான்கு மேசைகள், பதினேழு நாற்காலிகள். தினமும் வருபவர்களை ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு பேர்.

நூலகர் தங்கபுஷ்பத்துக்கு உடன்குடிப் பக்கம். கிளையை மூடினால் அவரை எங்கே மாற்றுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. சுற்றறிக்கையை எங்களுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, பதிவேட்டைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"நாளையிலருந்து கையெழுத்துப் போடுதவங்க எல்லாரும் வீட்டாளு ரெண்டு பேரு பேரையும் சேத்துப் போட்டுருங்க. யாரு வந்து எண்ணப் போறா?"

வாசகர் வட்டத் தலைவர் கணேசமூர்த்தி முதலில் பேனாவை எடுத்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும்போது வாசலில் நிற்பார்.

"ரெண்டு என்ன ரெண்டு, நாலு போடறேன். வீட்டு வரியோட நூலக வரியும் வருஷா வருஷம் கட்டறேன். ஒன்பது பேப்பர் வந்த இடம்மா இது. இப்ப நாலு. அதுல ஒண்ணை எவனோ காலைலயே டீக்கடைக்குத் தூக்கிட்டுப் போயிடறான். வாங்கின வரி எங்க போச்சுன்னு எவனாவது கையெழுத்துப் போட்டுச் சொல்றானா? அப்புறம் நம்ம கையெழுத்துல என்ன தப்பு?"

எல்லோரும் போட்டார்கள். என்னோடு அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும் சிந்து, கல்லூரியில் தன்னோடு படித்தவர்களின் பெயர்களை வரிசையாக எழுதினாள். மறுநாள் வேறு பெயர்கள். கணேசமூர்த்தி பழைய அலுவலக நண்பர்களை எழுதினார். அது தீர்ந்ததும் தானே பெயர்களை உண்டாக்கினார்.

எனக்கு அது வரவில்லை. நான் வேதியியல் படித்தவள். இல்லாத ஒருவருக்குப் பெயர் வைக்கக் கை வரவில்லை. அம்மா பெயரை எழுதலாம் என்றால், ஊரார் புரட்டும் நோட்டில் தன் பெயர் இருப்பது அவளுக்குப் பிடிக்காது. அதனால் அத்தா பெயரை எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். பொய்யை நாளுக்கு நாள் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அத்தாவிடம் சொன்னபோது சிரித்தார்.

"நான் படிக்காததையும் சேத்து என் பேர்ல படிச்சிடு."

எங்கள் வீடு ஒரே அறை. கட்டில், பீரோ, அம்மாவின் தையல் மெஷின், அடுப்பு எல்லாம் அதற்குள். அம்மா ஷகீலா ஜாக்கெட் தைப்பாள். மெஷின் ஓடும்போது புத்தகத்தின் எழுத்து ஆடும். இந்த ஊரில் ஒரு பெண் எதுவும் வாங்காமல், எதுவும் சொல்லாமல், ஐந்து மணி நேரம் உட்கார எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தேன். எங்கள் தெருப் பள்ளிவாசலில் பெண்களுக்கு இடம் இல்லை. பூங்காவைக் காலை பதினொரு மணிக்கே பூட்டிவிடுவார்கள். நூலகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. நூலகரும் ஒரு பெண். அதனால் அம்மா விட்டாள். கே.கே. நகர் கிளையோடு சேர்த்துவிட்டால் விடமாட்டாள். பஸ் ஏறிப் போய்ப் படிக்கும் பேச்சே எங்கள் வீட்டில் கிடையாது.

ஆகஸ்ட் கடைசியில், காய்ச்சலால் நான் நூலகத்துக்குப் போகாத ஒரு நாள் மத்தியானம், கட்டிங் மேசையில் துணியை விரித்தபடியே அத்தா சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.

மூன்று நாட்கள் நான் நூலகத்துக்குப் போகவில்லை. நான்காம் நாள் போனேன். வீடு முழுக்கப் பெண்கள். அம்மா இத்தாவில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் பெண் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. இத்தா முடிந்ததும் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதாக அத்தாவின் அண்ணன், பெரியத்தா, சொல்லிவிட்டார். தேர்வு அதற்குச் சில நாட்கள் முன்னால் இருந்தது. அதில் தேறினால் என் பேச்சுக்கு வீட்டில் ஒரு எடை இருக்கும். தேறாவிட்டால் இருக்காது. அவ்வளவுதான் கணக்கு.

நான் உள்ளே நுழைந்ததும் தங்கபுஷ்பம் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கட்டி போன மூணு நாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பதிவேட்டை என் பக்கம் திருப்பினார். மூன்று நாட்களிலும் என் பெயர் இல்லை. அத்தா பெயர் இருந்தது. எண்ணிக்கை குறையக் கூடாது என்று, முந்தைய பக்கத்தைப் பார்த்து அவரே எழுதியிருந்தார். அத்தா இறந்த நாளிலும் எழுதியிருந்தார். அடக்கம் செய்த நாளிலும்.

"ஒனக்கு ஒங்கப்பாவே தேவல. ஒரு நாளு லீவு போடல பாரு."

"பொண்ணு மட்டம் போட்டாலும் மனுஷன் கரெக்டா வந்துடறார்" என்றார் கணேசமூர்த்தி, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"அங்கிள் செம சின்சியர்" என்றாள் சிந்து.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்திருந்தால் அடுத்த நிமிடமே சொல்லியிருக்க முடியும். சிரித்த பிறகு முடியவில்லை. என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே அவர் பெயரை எழுதினேன். அந்த வாரம்தான் பெரியத்தா ரேஷன் கார்டிலிருந்து அத்தா பெயரை நீக்க ஓடிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாளும் எழுதினேன். எட்டு மணிக்கு அந்த வரியை எழுதிவிட்டால் உட்கார்ந்து படிக்க முடிந்தது.

நவம்பர் மூன்றாம் தேதி வெள்ளைத்துரை வந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி. சொல்லாமல் வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. அகராதி அலமாரிக்குப் பக்கத்தில் கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தோம். அவர் வாளியைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மொத்தம் பதினான்கு பேர் இருந்தோம். பிறகு நூலகர் மேசையில் உட்கார்ந்து பதிவேட்டைப் பிப்ரவரியிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வாளியில் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரும்மா இந்த உமர் ஃபாரூக்?"

தங்கபுஷ்பம் பக்கத்தை எட்டிப் பார்த்தார். "நம்ம வாசகர்தான் சார்."

"இருநூத்திப் பதினோரு நாள். ஒரு நாள் விடல. எங்க ஆபீஸ்ல எனக்கே இந்த அட்டெண்டென்ஸ் கிடையாது. என்ன படிப்பாரு?"

"எல்லாம் படிப்பாரு சார். வரலாறு."

கணேசமூர்த்தி எழுந்து நின்றார். "ரொம்ப அமைதியான மனுஷன் சார். இருக்கறதே தெரியாது."

சிந்து துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளைத்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவராகத் தெரியவில்லை. சொல்லப்போனால், அந்த அறையில் அன்று எங்களுக்காக வருத்தப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

"இங்க பாருங்கம்மா. ஒரே கைல நாப்பது கையெழுத்து. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? இதை நான் மேல எழுதினா உங்க வேலையே போயிடும். ஆனா இந்த ஒரு மனுஷன் உண்மை. பொய்ப்பேரு எழுதறவன் மாத்தி மாத்தி எழுதுவான். தினமும் ஒரே பேரை எவனும் எழுதமாட்டான்."

பதிவேட்டை மூடி அதன்மேல் கையை வைத்தார்.

"அறுபது பேரு வர்றாங்கன்னு என்னால எழுத முடியாது. ஆனா இப்படி ஒரு வாசகர் இருக்கற கிளையை மூடக்கூடாதுன்னு எழுத முடியும். வாடகைக்குப் பணம் ஒதுக்கச் சொல்லியும் எழுதுவேன். பதினாறாந்தேதி நூலக வார விழா வைங்க. ஆண்டின் சிறந்த வாசகர் விருது இவருக்கு. நானே வந்து பொன்னாடை போர்த்தறேன். போட்டோ எடுத்து ஃபைல்ல வச்சா ஒருத்தரும் கேள்வி கேக்கமாட்டாங்க. அவரை நான் நேர்ல பாக்கணும். அது முக்கியம்."

அவர் குடையை விரித்துக்கொண்டு சந்தைத் தாண்டும்வரை யாரும் அசையவில்லை. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கூட்டிட்டு வா" என்றார் தங்கபுஷ்பம்.

"அவரால வர முடியாது மேடம்."

"ஒரு மணி நேரம்ட்டி. கடையில சொல்லிட்டு வந்துட்டுப் போகட்டும்."

"முடியாது மேடம்."

"ஏன்?"

எல்லோரும் காத்திருந்தார்கள். சொன்னால் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். செத்தவருக்கு ஐம்பத்திரண்டு நாட்கள் கையெழுத்துப் போட்டதாக ஆகும். அதில் மூன்று நாட்களைத் தங்கபுஷ்பம் போட்டிருந்தார். நூலகம் போகும், நாற்காலி போகும். இப்படி யோசித்து முடிப்பதற்குள் பதில் சொல்லும் நேரம் கடந்துவிட்டது.

"உங்கப்பா என்ன மகாராஜாவா?" என்றார் கணேசமூர்த்தி. "ஆபீசரே வந்து பொன்னாடை போத்தறேங்கறார். இவருக்கு வர முடியாதாம். உன்கிட்ட இருக்கற திமிர்தான் அவருக்கும் இருக்கும்போல."

"வீட்ல சண்டையாடி?" என்றாள் சிந்து. "பேசறதில்லையா? நான் வேணா பேசவா? எங்கப்பாவையே சமாளிக்கறேன்."

தங்கபுஷ்பம் உறுப்பினர் படிவக் கோப்பை எடுத்தார். என் படிவத்தில் பெற்றோர் கைப்பேசி எண் என்ற இடத்தில் அத்தாவின் எண் இருந்தது. அழைத்தார்.

என் பைக்குள் போன் அடித்தது.

என் போன் உடைந்ததிலிருந்து அத்தாவுடையதைத்தான் வைத்திருந்தேன். பாட்டை மாற்றவில்லை. அவர் வைத்திருந்த பாட்டு, சத்தமும் அவர் வைத்திருந்த அளவிலேயே. கடையில் மெஷின்களுக்கு நடுவே கேட்க வேண்டும் என்று முழுச் சத்தத்தில் வைத்திருப்பார். படிக்கும் அறை அதிர்ந்தது.

"ஐயோ, அப்பா போனையும் புடுங்கிட்டியாடி?" சிந்து மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். "பாவம்டி அந்த மனுஷன். போன் இல்ல, வெளிய விடமாட்டேங்கற. கட்டி வச்சிருக்கியா?"

"பொட்டிக்குள்ள பூட்டி வச்சிருப்பா" என்றார் கணேசமூர்த்தி.

நான் போனை அணைத்தேன்.

அன்றிலிருந்து பத்து நாட்களும் இப்படித்தான். காலையில் நான் கையெழுத்துப் போடும்போது, "ராஜா வந்தாச்சா?" என்பார் கணேசமூர்த்தி. தங்கபுஷ்பம் என்னோடு பேசுவதை நிறுத்தினார். நான் கேட்கும் புத்தகங்களைத் தேடாமலே, வெளியே போயிருக்கிறது என்றார். ஒருநாள் தனியாக இருக்கும்போது அவரிடம் சொல்லிவிடலாம் என்று மேசை ஓரம் போய் நின்றேன்.

"மேடம், அத்தா..."

"ஒங்கப்பா பேச்சை எடுக்காத. ஒன் ஒருத்தியால இருபது பேரு தெருவுல நிக்கப் போறாவ. எனக்குப் பொம்பளப்புள்ள ரெண்டு இருக்கு. கும்மிடிப்பூண்டிக்கு மாத்தினா நான் அவளுவள யாருகிட்ட விட்டுட்டுப் போவேன்? இதெல்லாம் ஒனக்கு எங்க தெரியப் போவுது? அப்பா சம்பாத்தியத்துல உக்காந்து படிக்கவ."

நான் என் இடத்துக்குத் திரும்பினேன்.

விழாவுக்கு இரண்டு நாட்கள் முன்னால் கணேசமூர்த்தி வழி கண்டுபிடித்தார்.

"ஆபீசர் உமர் ஃபாரூக்கைப் பாத்திருக்காரா? இல்ல. ஆள்தானே வேணும்?"

"சார், நீங்களே ஒரு தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்துடுங்களேன்" என்றாள் சிந்து.

"என்னைத்தான் அன்னிக்கே பாத்துட்டாரேம்மா. நம்ம ஸ்டேஷன் ஸ்டாண்டுல ஆட்டோ ஓட்டறார் பாரு, சமத் பாய். வாயும் இருக்கு. ஒரு அரை நாள் சவாரிக் காசைக் குடுத்தா போதும்."

தங்கபுஷ்பம் என்னைப் பார்த்தார். பத்து நாட்களில் முதல் தடவை.

"ஒனக்குச் சம்மதமாட்டி? மேடையில நீ பக்கத்துல நிக்கணும். மகன்னு காட்டணும்."

"மகளா" என்று திருத்திச் சிரித்தாள் சிந்து.

"ரெண்டும் ஒண்ணுதான். நிப்பியா மாட்டியா?"

தேர்வுக்கு நாற்பத்திரண்டு நாட்கள் இருந்தன. ஜன்னலை ஒட்டிய என் நாற்காலியைப் பார்த்தேன். நிற்கிறேன் என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கேட்டார்கள், சரி என்றேன்.

அப்துல் சமத் அன்று மாலையே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். அத்தாவைவிடக் குட்டை, நிறமும் குறைவு. வெற்றிலை போட்ட வாய். என் எதிரில் உட்கார்ந்து பழைய பேப்பரில் கையெழுத்துப் பழகினார். அத்தாவின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று நான் போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. பதிவேட்டில் இருந்ததும் நான் போட்டதுதான்.

"இன்னா பாப்பா, உங்க நைனா கையெய்த்து இம்மாஞ் சுளுவா கீது? நானே அஞ்சு நிமிசத்துல போட்டுடுவேன்." நான்கு முறை போட்டார். நான்காவது சரியாக வந்தது. "உங்க நைனா இன்னா வேல பாக்குறாரு?"

"கட்டிங் மாஸ்டர்."

"ஷோக்கு. சட்டையா, பேண்ட்டா?"

"ஜாக்கெட், சுடிதார்."

"அப்ப லேடீஸ் டெய்லரு. ஆபீசர் கேட்டா சொல்லணும்ல. எதுக்கு வர மாட்டன்றாரு? உடம்பு சொகமில்லியா?"

நான் பேனாவுக்கு மூடி போட்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"சர்தான் வுடு. எல்லா வூட்லயும் எதுனா ஒண்ணு இருந்துக்கினுதான் கீது."

பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டிருந்தது. மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள். தெருக்காரர்கள், நலச்சங்கத்தார், பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒரு ஆசிரியையோடு வந்த பிள்ளைகள் என்று நூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இத்தனை பேரை அந்த நூலகத்தில் நான் பார்த்ததே இல்லை. கணேசமூர்த்தி வாசலில் நின்று ஒருவர் விடாமல் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்.

சமத் பாய் வெள்ளைச் சட்டை, வலைத்தொப்பி, அத்தர் வாசனையோடு வந்தார். தாடியைச் சீவியிருந்தார். நூலகத்தை அறியாதவர்கள் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். அவரும் நிதானமாகப் பதில் வைத்தார். கூட்டத்தில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்கலாம். தெரிந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்கள்.

வெள்ளைத்துரை அவரைக் கண்டதும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"அல்லாவோட கிருபை சார்."

பொன்னாடை போர்த்தினார். பள்ளிப் பிள்ளைகள் கை தட்டினார்கள். கேடயத்தில் ஆண்டின் சிறந்த வாசகர் என்றும் அதற்குக் கீழே உமர் ஃபாரூக் என்றும் பொறித்திருந்தது. அதை வாங்கும்போது படம் எடுக்க என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். போய் நின்றேன். சமத் பாய் என் தோளில் கையைப் போட்டார். கனமான கை. படம் எடுப்பவர், "கொஞ்சம் சிரிம்மா, அப்பாவுக்கு விருது கிடைச்சிருக்கு" என்றார். சிரித்தேன்.

வெள்ளைத்துரை மைக்கைப் பிடித்தார். ஒரு ஊரில் நூலகம் இருப்பது மூச்சு விடுகிற மாதிரி, நின்றால்தான் தெரியும் என்றார். பையிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்தக் கிளை தொடரணும், வாடகைக்குத் தனி ஒதுக்கீடு வேணும், கூரையைச் சரி பண்ணணும்னு என் பரிந்துரை இதுல இருக்கு. உங்க முன்னால கையெழுத்துப் போட்டு நாளைக்குக் காலைல மேல அனுப்பறேன்."

தங்கபுஷ்பம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மேடையிலிருந்து அவருடைய இரண்டு பெண்கள் எனக்குத் தெரிந்தார்கள். முதல் வரிசையில் ஒரே மாதிரி பாவாடை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். சிந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். அவள் முகத்தில் கேலி இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நாளைக் காலை எட்டு மணிக்கு வரலாம். நாற்பது நாட்கள் படிக்கலாம்.

வெள்ளைத்துரை பேனாவைத் திறந்தார். திறந்தவர் நிமிர்ந்து சமத் பாயைப் பார்த்தார்.

"உங்க வீட்டம்மா வரலையா? அவங்களும் இதைப் பாத்திருக்கலாமே."

சமத் பாய் இதைப் பழகியிருக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். என் கண்ணில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் அதைத் தனக்குத் தோன்றியபடி புரிந்துகொண்டார். மைக்கைக் கையில் வாங்கினார். குரலைத் தணித்தார்.

"அவ மவுத்தாயிட்டா சார். ரெண்டு வருசம் ஆவுது. அந்தத் துக்கத்துல வூட்ல உக்கார முடியாமத்தான் நான் இங்க வந்து பொஸ்தகம் படிக்க ஆரமிச்சேன். இந்தப் பாப்பாவத் தாயில்லாப் புள்ளயாத்தான் வளக்கறேன்."

கூட்டத்தில் உச்சுக் கொட்டும் சத்தம் எழுந்தது. பள்ளி ஆசிரியை கைக்குட்டையை எடுத்தார். முதல் வரிசையில் கணேசமூர்த்தி, பிரமாதம் என்பதுபோல் தலையை மெல்ல ஆட்டினார். வெள்ளைத்துரை பேனாவை மூடாமல் கோப்பின் மேல் வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"அந்தம்மா பேரு என்னம்மா?" என்று என்னைக் கேட்டார்.

"ஷகீலா" என்றேன். உண்மையான பெயர். கேட்டவுடன் வாயில் வந்துவிட்டது.

"ஷகீலா அம்மாவோட ஆத்மா சாந்தியடைய, எல்லாரும் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌனமா இருப்போம்."

நாற்காலிகள் நகர்ந்தன. நூறு பேரும் எழுந்தார்கள். பிள்ளைகள் கை கட்டித் தலை குனிந்தார்கள். தங்கபுஷ்பமும் சிந்துவும் குனிந்தார்கள். என் தோளில் இருந்த கையை எடுத்துவிட்டுச் சமத் பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

அம்மா இரண்டு தெரு தள்ளி, வெள்ளைப் புடவையில், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் காலையில் கிளம்பும்போது, மெஷினில் நூல் மாட்டித் தரச் சொன்னாள்; கண் தெரியவில்லை என்றாள். மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த அறையில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. ரயில்கூட வரவில்லை. இரண்டரை மாதங்களாக நான் பேச வேண்டிய நேரங்களில் எல்லாம் யாராவது பேசிக்கொண்டிருந்தார்கள், அல்லது சிரித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது யாரும் பேசவில்லை. மைக் சமத் பாயின் கையில் என் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கோப்பில் கையெழுத்துப் போடும் இடம் வெறுமையாக இருந்தது.

"சார்" என்றேன். மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. எல்லோரும் தலையை நிமிர்த்தினார்கள். தங்கபுஷ்பத்தின் உதடுகள் வேண்டாம் என்று அசைந்தன.

"எங்கம்மா சாகல சார். செத்துப்போனது எங்க அத்தா."